எதை டெர்மினலில் செய்வது, எதை உலாவியில் செய்வது: உபுண்டு 24.04 சர்வர் ஒன்றின் அமைப்புப் பதிவு

டெர்மினலா, வரைகலையா என்று சர்வர் கைக்கு வருமுன்பே ஒரு பக்கம் சாய்ந்துவிட வேண்டியதில்லை. வேலைக்கு வேலை விடை மாறும். முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: உலாவியில் சொடுக்கிச் செய்யும் மாற்றமும் டெர்மினலில் தட்டிச் செய்யும் மாற்றமும் ஒரே கோப்பில் போய்ச் சேர்கின்றனவா? சேர்ந்தால் இரண்டையும் தாராளமாகக் கலக்கலாம். வரைகலைக் கருவி தனக்கென்று ஒரு தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து கோப்புகளை எழுதித் தள்ளுகிறது என்றால் கலக்கவே கூடாது.

இங்கே எடுத்துக்கொண்ட சர்வர்: 2 ஜிபி நினைவகம், 40 ஜிபி வட்டு, ஐஎஸ்ஓ வழியாக நிறுவிய உபுண்டு சர்வர் 24.04, தொலைவிலிருந்து டெர்மினலுக்குள் நுழைய எஸ்எஸ்எச், அதன்மேல் சர்வரை உலாவியிலிருந்து நிர்வகிக்கும் காக்பிட். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். வேறு சொல்லாத இடங்களில் எல்லாமே சிற்றெழுத்து.

முழு டெஸ்க்டாப் வேண்டாம்

வரைகலை வேண்டும் என்றதும் க்னோம், எக்ஸ்எஃப்சிஈ போன்ற டெஸ்க்டாப் ஒன்றைப் போட்டு, தொலைவிலிருந்து திரையைக் காட்டும் விஎன்சி வழியாக உள்ளே போகத்தான் பலருக்கும் முதலில் தோன்றும். 2 ஜிபி சர்வரில் இது வீண் சுமை. க்னோம் ஒன்றே நினைவகத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும்; அதோடு வரும் நூற்றுக்கணக்கான பொதிகளுக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விஎன்சியின் 5901 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவது அதைவிட மோசம். பல விஎன்சி சர்வர்களில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளைத்தான் பார்ப்பார்கள். மீதி கணக்கிலேயே வராது.

யாரோ டெஸ்க்டாப் போட்டுவைத்த சர்வர் உங்கள் தலையில் விழுந்து, அது சும்மா இருக்கும்போதெல்லாம் வலையிலிருந்து காணாமல் போனால் வலையட்டையைச் சந்தேகிக்காதீர்கள். மடிக்கணினியில் செய்வதைப்போலவே க்னோமின் லாகின் திரை 15, 20 நிமிடத்தில் கணினியை உறங்கப் போட்டுவிடும். டெஸ்க்டாப்பை நீக்காமலே இதைத் தீர்க்கலாம்:

‘சுடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் மல்டி-யூசர்.டார்கெட்’

‘சுடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் ஸ்லீப்.டார்கெட் சஸ்பெண்ட்.டார்கெட் ஹைபர்நேட்.டார்கெட் ஹைப்ரிட்-ஸ்லீப்.டார்கெட்’

முதல் வரி, அடுத்த முறை இயங்கும்போது வரைகலை எழும்பாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வரி எந்த நிரல் கேட்டாலும் உறக்கத்துக்கு வழிவிடாது.

எஸ்எஸ்எச்: எழுதினது ஒன்று, நடப்பது ஒன்று

கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவி உருவாக்குவது, அதை ‘எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி’யால் சர்வரில் ஏற்றுவது எல்லாம் தெரிந்த கதை. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ‘/ஈடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்’ கோப்பில் ‘பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ’ என்று எழுதி, சேவையைத் திரும்ப இயக்கியும் கடவுச்சொல் கொடுத்தால் உள்ளே விடுகிறது. காரணம், இந்தக் கோப்பில் ஒரே அமைப்பு இருமுறை வந்தால் முதலில் வந்ததுதான் செல்லும். பின்னால் வருவது முன்னதை மாற்றாது. கோப்பின் தலையிலேயே ஓர் ‘இன்க்ளூட்’ வரி இருக்கிறது. அது ‘எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி’ அடைவில் உள்ளவற்றை முதலில் வாசிக்கும். நிறுவும்போது கடவுச்சொல் வழி எஸ்எஸ்எச்சுக்குச் சம்மதம் சொல்லியிருந்தால் அந்த அடைவில் ‘50-க்ளவுட்-இனிட்.கான்ஃப்’ என்ற கோப்பு ‘யெஸ்’ என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதை நீக்கலாம், அல்லது ‘10-’ என்று தொடங்கும் பெயரில் உங்கள் கோப்பை அதே அடைவில் வைக்கலாம். அகர வரிசைப்படி அது முந்திக்கொள்ளும். பிறகு கோப்பைப் பார்த்துத் திருப்தி அடையாமல், நடைமுறையில் இருப்பதைக் கேளுங்கள்: ‘சுடோ எஸ்எஸ்எச்டி’ கட்டளையை, கோட்டுக்குப் பின் பெரிய எழுத்து ‘டி’ (‘டெஸ்ட்’டின் முதல் எழுத்து) போட்டு ஓட்டினால், எல்லாக் கோப்புகளையும் சேர்த்துக் கடைசியில் நிலைக்கும் மதிப்புகளை வரிவரியாகக் கொடுக்கும். அதே இடத்தில் சிறிய எழுத்து ‘டி’ போட்டால் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

போர்ட்டை 22இலிருந்து மாற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. 24.04இல் போர்ட்டில் காத்திருப்பது எஸ்எஸ்எச் சேவை அல்ல, சேவைகளை இயக்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் ‘எஸ்எஸ்எச்.சாக்கெட்’. கோப்பில் போர்ட்டை மாற்றிவிட்டு ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’, பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்எச்.சாக்கெட்’ கொடுத்தால்தான் மாற்றம் ஏறும். எதைச் செய்தாலும் இருக்கும் இணைப்பை மூடாதீர்கள். வேறொரு சாளரத்தில் புதிதாக லாகின் ஆகிப் பார்த்த பிறகே பழையதை விட வேண்டும்.

காக்பிட்டை நிறுவுவது

காக்பிட்டுக்குத் தனிப் பயனர் பட்டியல் கிடையாது. சிஸ்டத்தின் பயனர்களே உள்ளே வருகிறார்கள். தனித் தரவுத்தளமும் இல்லை. சிஸ்டம்டியிடமும் வட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் யூடிஸ்க்ஸிடமும் நேரடியாகப் பேசுகிறது. முதல் பத்தியில் கேட்ட கேள்வியில் காக்பிட் தேறுவது இதனால்தான். ஆள் இல்லாதபோது நினைவகத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை: சாக்கெட் மட்டும் காத்திருக்கும், கடைசிப் பயனர் வெளியேறி 90 விநாடியில் அதன் வலைச் சேவை தானே நின்றுவிடும்.

‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் --நோ-இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ் காக்பிட் காக்பிட்-ஸ்டோரேஜ்டி யூடிஸ்க்ஸ்2-எல்விஎம்2’

நடுவில் உள்ள நீளமான விருப்பத்தை விட்டுவிட்டால் வலையமைப்பைப் பார்க்கும் நெட்வொர்க்மேனேஜரும் பொதிப் புதுப்பிப்பைப் பார்க்கும் பேக்கேஜ்கிட்டும் கூடவே வந்து இறங்கும். உபுண்டு சர்வரில் வலையமைப்பைப் பார்ப்பது நெட்பிளானும் நெட்வொர்க்டியும். நெட்வொர்க்மேனேஜர் கையில் ஒரு வலையட்டையும் இல்லாததால், இணைய இணைப்பே இல்லை என்று பேக்கேஜ்கிட் நம்பிக்கொள்ளும். விளைவு: இணையம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, புதுப்பிப்புப் பக்கம் ‘ஆஃப்லைனில் கேஷைப் புதுப்பிக்க முடியாது’ என்ற பொருளில் ஒரு பிழையைக் காட்டும். இதற்காக ஒரு பொய் வலையட்டையை உருவாக்கி அதை ஏமாற்றும் வழி உண்டு; வேலையும் செய்யும். ஆனாலும் புதுப்பிப்பை டெர்மினலில் செய்வதாக இருந்தால் அந்தப் பொதியே தேவையில்லை.

நிறுவியதும் 9090 போர்ட் எல்லா முகவரிகளிலும் திறந்திருக்கும். அதை உள்ளூர் முகவரிக்குள் அடைப்பது அடுத்த வேலை. ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் காக்பிட்.சாக்கெட்’ கொடுத்து, திறக்கும் இடத்தில் மூன்று வரி (‘சாக்கெட்’டின் ‘எஸ்’, ‘லிசன்’னின் ‘எல்’, ‘ஸ்ட்ரீம்’மின் ‘எஸ்’ மூன்றும் பெரிய எழுத்து):

[சாக்கெட்]
லிசன்ஸ்ட்ரீம்=
லிசன்ஸ்ட்ரீம்=127.0.0.1:9090

நடுவில் மதிப்பில்லாமல் நிற்கும் வரி தேவையற்றது போலத் தெரியும். அதை விட்டால் பழைய 9090 அப்படியே இருக்க, புதியது அதோடு கூடச் சேரும். சிஸ்டம்டியில் பட்டியலாகச் சேரும் அமைப்புகளை முதலில் வெறுமையாக்கிவிட்டுத்தான் புதியதைக் கொடுக்க வேண்டும். சேவைக் கோப்பில் ‘எக்செக்ஸ்டார்ட்’டை மாற்றும்போதும் இதே விதிதான். பிறகு ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் காக்பிட்.சாக்கெட்’. ‘சுடோ எஸ்எஸ் -டிஎல்என்பி’ கொடுத்துச் சரிபாருங்கள். 9090க்கு எதிரே 127.0.0.1 இருக்க வேண்டும். நிரலின் பெயர் காக்பிட் என்று இல்லாமல் ‘சிஸ்டம்டி’ என்று இருக்கும். போர்ட்டைப் பிடித்திருப்பது சாக்கெட் என்பதால் அது சரிதான்.

இனி காக்பிட்டை அடைய, உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சுக்குள் ஒரு சுரங்க வழி. ‘எஸ்எஸ்எச்’சுக்குப் பின் கோடும் பெரிய எழுத்து ‘எல்’லும், பிறகு ‘9090:லோக்கல்ஹோஸ்ட்:9090’, கடைசியில் பயனர் பெயரும் சர்வரும். உலாவியில் ‘லோக்கல்ஹோஸ்ட்:9090’ என்று சாதாரண எச்டிடிபியிலேயே திறக்கலாம். உள்ளூர் இணைப்பு என்பதால் காக்பிட் எச்டிடிபிஎஸ்ஸை வற்புறுத்தாது, சான்றிதழ் எச்சரிக்கையும் வராது. கம்பியில் போவதை எஸ்எஸ்எச் ஏற்கெனவே மறையாக்கிவிடுகிறது. ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி ப்ரொஹிபிடட்’ என்று டெர்மினலில் வந்தால் சர்வரில் யாரோ ‘அலவ்டிசிபிஃபார்வர்டிங்’கை மூடி வைத்திருக்கிறார்கள்.

லாகின் ஆகாவிட்டால் இரண்டு இடம் பாருங்கள். ரூட் பயனரைக் காக்பிட் விடாது. ‘/ஈடிசி/காக்பிட்/டிஸ்அலவ்ட்-யூசர்ஸ்’ கோப்பில் பெயர் இருக்கும், அது அங்கேயே இருக்கட்டும். சாவியால் மட்டும் நுழையும் கிளவுட் சர்வர்களில் பயனருக்குக் கடவுச்சொல்லே இருக்காது. ‘சுடோ பாஸ்வேர்ட்’ (தட்டும்போது ‘பாஸ்’ஸுக்குப் பின் ‘டபிள்யு, டி’ மட்டும்) கட்டளைக்குப் பின் அந்தப் பயனர் பெயரைக் கொடுத்து ஒன்று வைக்க வேண்டும். வைக்கும் அந்த நொடியிலிருந்து எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் வழி மூடியிருப்பது கட்டாயம் ஆகிறது. மேலே அந்த அமைப்பைக் கிளறிச் சரிபார்த்தது இதற்காகவும்தான்.

வட்டு: உலாவி ஜெயிக்கும் இடம்

எல்விஎம் (வட்டின் இடத்தைப் பின்னால் கூட்டிக் குறைக்கத்தக்க பகுதிகளாக வகுக்கும் முறை) தேர்ந்தால், உபுண்டுவின் நிறுவல் நிரல் வட்டு முழுவதையும் ரூட் கோப்பு முறைமைக்குக் கொடுப்பதில்லை. 20 முதல் 200 ஜிபி வரையான இடத்தில் பாதியை மட்டும் எடுத்து மீதியைச் சும்மா விட்டுவைக்கும். 40 ஜிபி வட்டில் ரூட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 19 ஜிபி. ‘டிஎஃப் -எச்’ அந்த 19ஐ மட்டும்தான் காட்டும். மீதி எங்கே என்று தெரிய ‘விஜிஎஸ்’, ‘எல்விஎஸ்’, ‘எல்எஸ்பிஎல்கே’ மூன்றையும் ஓட்டி மனத்தில் கூட்டிப் பார்க்க வேண்டும். காக்பிட்டின் ஸ்டோரேஜ் பக்கத்தில் வட்டு, அதற்குள் தொகுதி, அதற்குள் ரூட், பக்கத்தில் காலி இடம் என எல்லாம் ஒரே பார்வையில் அகப்படும். ‘க்ரோ’ பொத்தானை அழுத்தினால் எல்வியும் (எல்விஎம் வகுத்த பகுதி) அதற்குள் இருக்கும் கோப்பு முறைமையும் சேர்ந்தே வளரும்.

டெர்மினலில் ‘எல்விஎக்ஸ்டெண்ட்’ மட்டும் கொடுத்துவிட்டு, இடம் கூடவில்லையே என்று திகைப்பவர்கள் அதிகம். கோடு-‘ஆர்’ சேர்த்தால்தான் உள்ளே இருக்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையும் வளரும். முழு வரி: ‘சுடோ எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +100%ஃப்ரீ /டெவ்/உபுண்டு-விஜி/உபுண்டு-எல்வி’, இதில் ‘ஃப்ரீ’ மட்டும் பெரிய எழுத்து. சுருக்குவது என்றால் உலாவிப் பக்கமே இன்னும் பாதுகாப்பானது. எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைச் சுருக்கவே முடியாது, ஈஎக்ஸ்டி4ஐ மவுன்ட் ஆகியிருக்கும்போது சுருக்க முடியாது. முடியாததை முடியாது என்று முன்கூட்டியே சொல்லும் பொத்தான், தவறான பகிர்வின் பெயரைத் தட்டினாலும் கேள்வி கேட்காமல் ஓடும் கட்டளையைவிட மேல்.

வட்டு நிறைந்தது, ஆனால் கோப்பு இல்லை: டெர்மினல் ஜெயிக்கும் இடம்

‘டிஎஃப் -எச்’ 100 சதவீதம் என்கிறது. ‘டியு’ வைத்து ரூட் முழுவதையும் கூட்டினால் பாதிகூட வரவில்லை. எந்த வரைகலைப் பட்டையும் இதற்கு விளக்கம் சொல்லாது, அதுவும் 100 என்றே சிவப்பில் நிற்கும்.

பெரும்பாலும் நடந்திருப்பது இது: பெரிதாக வளர்ந்த லாக் கோப்பை யாரோ ‘ஆர்எம்’ கொடுத்து அழித்திருக்கிறார்கள். பெயர் போய்விட்டது, ஆனால் அதில் எழுதிக்கொண்டிருந்த நிரல் கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. கடைசிக் கை விடும்வரை கர்னல் இடத்தைத் திருப்பித் தராது. ‘சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (இந்த ‘எல்’ பெரிய எழுத்து) என்பது இணைப்பு எண்ணிக்கை 1க்குக் கீழே போன, அதாவது பெயர் இழந்த, திறந்த கோப்புகளை மட்டும் காட்டும். வரியின் கடைசியில் ‘டிலீட்டட்’ என்றும், நடுவில் பைட் அளவும், முதலில் நிரலும் அதன் எண்ணும் இருக்கும். அந்தச் சேவையைத் திரும்ப இயக்கினால் இடம் உடனே திரும்பும். இயக்க முடியாத நேரம் என்றால் ‘/ப்ராக்/’ அடைவில் அந்த நிரல் எண்ணுக்குள் ‘எஃப்டி’ அடைவில் உள்ள எண்ணைப் பிடித்து ‘ட்ரங்கேட் -எஸ் 0’ கொடுத்தால் நிரலை நிறுத்தாமலே காலி ஆகும்.

‘எல்எஸ்ஓஎஃப்’ ஒன்றும் காட்டாவிட்டால் ‘டிஎஃப் -ஐ’ பாருங்கள். சின்னச்சின்னக் கோப்புகள் பல லட்சம் சேர்ந்து ஐநோடு (கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கலாம். பிஎச்பி செஷன் அடைவு இதில் பேர்போனது. ஈஎக்ஸ்டி4 தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதையும் மறக்க வேண்டாம். சாதாரணப் பயனருக்கு இடம் தீர்ந்தபிறகும் ரூட்டால் எழுத முடிவது இதனால்தான்.

இனி நிறையாமல் இருக்க, உண்மையான கோப்புகளில் எது பருத்திருக்கிறது என்று தேடுவதற்கு ‘என்சிடியு’ போதும். டெர்மினலுக்குள்ளேயே ஓடும், அம்புக்குறிகளால் உள்ளே இறங்கலாம். இரண்டு முகாமுக்கும் நடுவே நிற்கும் இந்த வகைக் கருவிகளை யாரும் போதுமான அளவு பாராட்டுவதில்லை.

உங்களையே வெளியே பூட்டும் மாற்றங்கள்

ஃபயர்வால், வலையமைப்பு இரண்டிலும் கருவியைவிடத் தானாக மீளும் வழி முக்கியம். காக்பிட்டின் ஃபயர்வால் பக்கம் ஃபயர்வால்டியோடு மட்டுமே பேசும். உபுண்டுவின் யுஎஃப்டபிள்யு அதற்குத் தெரியாது. அந்தப் பக்கம் வேண்டும் என்பதற்காக இரண்டாவது ஃபயர்வாலை நிறுவி இரண்டையும் ஓடவிடாதீர்கள்.

முதலில் ‘சுடோ யுஎஃப்டபிள்யு அலவ் ஓப்பன்எஸ்எஸ்எச்’ (‘ஓ’வும் ‘எஸ்எஸ்எச்’சும் பெரிய எழுத்து). போர்ட்டை மாற்றியிருந்தால் இந்தப் பெயர் உதவாது, ஏனென்றால் அதற்குப் பொருள் 22 மட்டுமே. எண்ணையே கொடுக்க வேண்டும். அடுத்து ஒரு பாதுகாப்பு வலை:

‘சுடோ சிஸ்டம்டி-ரன் --யூனிட்=மீட்பு --ஆன்-ஆக்டிவ்=300 யுஎஃப்டபிள்யு டிஸேபிள்’

யூனிட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் உங்கள் விருப்பப்படி வையுங்கள். பிறகு ‘சுடோ யுஎஃப்டபிள்யு எனேபிள்’. வெளியே பூட்டப்பட்டால் 300 விநாடி காத்திருங்கள், ஃபயர்வால் தானே இறங்கிவிடும். புதிய சாளரத்தில் லாகின் ஆகிவிட்டால் அந்தப் பெயரோடு ‘.டைமர்’ சேர்த்து ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்’. இந்த நிறுத்தத்தை மறந்தால் ஐந்து நிமிடம் கழித்துச் சர்வர் ஃபயர்வால் இல்லாமல் நிற்கும். கடைசியில் ஒருமுறை ‘யுஎஃப்டபிள்யு ஸ்டேட்டஸ்’ பார்த்துவிடுங்கள்.

வலை முகவரியை மாற்றும்போது ‘நெட்பிளான் அப்ளை’க்குப் பதில் ‘நெட்பிளான் ட்ரை’. 120 விநாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழையதற்குத் திரும்பும். பிரிட்ஜ், பாண்ட் ஆகியவற்றின் அளவுருக்களை மாற்றும்போது மட்டும் இந்தத் திரும்பலை நம்ப முடியாது. நெட்வொர்க்மேனேஜர் ஆளும் சர்வர்களில் காக்பிட்டும் இதையே செய்கிறது: மாற்றத்தால் இணைப்பு அறுந்தால் தானே பின்வாங்கும். அந்த வகைச் சர்வர்களில் வலையமைப்பை உலாவியில் மாற்றுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

டாக்கர் (நிரல்களைக் கன்டெய்னர் என்னும் தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஓடும் சர்வரில் ஃபயர்வால் பட்டியலை நம்பி உட்கார வேண்டாம், அது டெர்மினலில் வந்தாலும் சரி, உலாவியில் வந்தாலும் சரி. வெளியே திறந்த கன்டெய்னர் போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டை, யுஎஃப்டபிள்யுவின் உள்வரும் விதிகளை எட்டுமுன்பே டாக்கரின் நாட் (முகவரி மாற்றும்) விதிகள் திருப்பிவிடும். 8080 மூடியிருப்பதாகப் பட்டியல் சொல்லும், வெளியிலிருந்து திறக்கும். கன்டெய்னரை ‘127.0.0.1:8080:80’ என்று கட்டுங்கள். சோதிப்பதை எப்போதும் வேறொரு கணினியிலிருந்து செய்யுங்கள்.

நீளமான வேலைகள்

‘ஏபிடி அப்கிரேட்’, பெரிய தரவுத்தளத்தை ஏற்றுவது போன்றவற்றை, இணைப்பு போனாலும் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும் ‘டிமக்ஸ்’ஸுக்குள் ஓட்டுங்கள். இணைப்பு அறுந்தால் ‘டிமக்ஸ் அட்டாச்’ கொடுத்து விட்ட இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். காக்பிட்டுக்குள் இருக்கும் டெர்மினலும் உலாவித் தாவலை மூடினால் செத்துவிடும். அதற்குள்ளும் டிமக்ஸ் வேண்டும். உபுண்டுவின் பதிப்பு உயர்த்தும் கட்டளை இதை உணர்ந்து, எஸ்எஸ்எச் வழியாக ஓட்டினால் 1022 போர்ட்டில் கூடுதலாக ஒரு எஸ்எஸ்எச்சைத் திறந்து வைக்கிறது. ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் தற்காலிகமாகத் திறப்பது உங்கள் பொறுப்பு.

தரவுத்தளத்தில் நாலு வரிசையைப் பார்க்க, ஒரு புலத்தைத் திருத்த, தரவுத்தளத்தை உலாவியில் காட்டும் பிஎச்பிமைஅட்மின் வசதி. 300 எம்பி டம்ப்பை (தரவுத்தளத்தின் நகல் கோப்பு) அதன் வழியே ஏற்ற முயன்றால் பாதியில் நிற்கும்: பிஎச்பியின் இயல்பு வரம்பு பதிவேற்றத்துக்கு 2 எம்பி, போஸ்ட்டுக்கு 8 எம்பி, ஓடும் நேரம் 30 விநாடி. மூன்றையும் உயர்த்துவதற்குப் பதில் ‘எஸ்சிபி’யால் கோப்பை அனுப்பி, ‘மைஎஸ்க்யூஎல்’ கட்டளைக்கு இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறியால் ஊட்டுங்கள்.

தனக்கென்று நினைவு வைத்திருக்கும் பலகைகள்

சிபேனல், பிளெஸ்க் போன்ற உலாவி நிர்வாகப் பலகைகள் வேறு ரகம். அப்பாச்சி வலை சர்வரின் முதன்மைக் கோப்பைச் சிபேனல் தன் வார்ப்புருவிலிருந்தும் தரவிலிருந்தும் மீண்டும் மீண்டும் எழுதும். அந்தக் கோப்பில் கையால் சேர்த்த வரி அடுத்த எழுத்தில் போய்விடும். அதற்கென்று கொடுத்திருக்கும் இன்க்ளூட் கோப்புகளில்தான் சேர்க்க வேண்டும். இந்தச் சர்வர்களில் டெர்மினலை வாசிக்கவும் லாக் பார்க்கவும் வைத்துக்கொண்டு, மாற்றங்களைப் பலகை வழியாகவே செய்வது நல்லது.

1997 முதல் இருக்கும் இன்னொரு பலகையான வெப்மின், கோப்புகளை நேரடியாகத் திருத்துவதால் கலக்கலாம். ஆனால் அது ரூட் அதிகாரத்தோடு 10000 போர்ட்டில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் 1.890 முதல் 1.920 வரையான பதிப்புகளில் பின்கதவு ஒன்று இருந்தது 2019இல் வெளிவந்தது. போட்டால் அதையும் சுரங்க வழிக்குள் அடையுங்கள்.

எது மாறியது என்று பார்க்க

‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் ஈடிசிகீப்பர்’. ஈடிசி அடைவு முழுவதும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஒரு கிட் களஞ்சியமாகிவிடும். ஒவ்வொரு ஏபிடி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தானே பதிந்துகொள்ளும். காக்பிட்டில் ஒரு பொத்தானை அழுத்துமுன் ‘சுடோ ஈடிசிகீப்பர் கமிட்’டுக்கு ஒரு குறிப்பு கொடுத்துப் பதியுங்கள். பொத்தானை அழுத்துங்கள். பிறகு ‘சுடோ ஈடிசிகீப்பர் விசிஎஸ் டிஃப்’. நேரமண்டலத்தை மாற்றினால் ‘லோக்கல்டைம்’ இணைப்பும், புதிய மவுன்ட்டைச் சேர்த்தால் ‘எஃப்எஸ்டேப்’பில் ஒரு வரியும் மாறியிருப்பது தெரியும். புதிதாக முளைத்த கோப்புகள் டிஃப்பில் வராது. அவற்றுக்கு ‘டிஃப்’ இருக்கும் இடத்தில் ‘ஸ்டேட்டஸ்’. அடுத்த சர்வரில் இதே வேலையைச் செய்ய வேண்டி வந்தால் அந்த வரியை நேராக ஸ்கிரிப்ட்டில் எடுத்துவைத்துக்கொள்ளலாம். களஞ்சியத்தை மட்டும் வெளியே எங்கும் தள்ளாதீர்கள். கடவுச்சொல் ஹாஷ்கள் இருக்கும் ‘ஷேடோ’ கோப்பும் அதற்குள்தான் இருக்கிறது.